அம்மாவுக்கு ஒன்று, மகளுக்கு வேறொன்று: தற்காப்புக் கருவி வாங்கும் முன்

தற்காப்புக் கருவியை வாங்குகிறவர் ஒருவர், பையில் சுமக்கப்போகிறவர் இன்னொருவர். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. மகளுக்குச் சென்னையை அடுத்த சிறுசேரியில் இரவு ஷிஃப்ட் என்றதும் அப்பா இணையத்தில் தேடி, இருப்பதிலேயே காரமான பெப்பர் ஸ்பிரேயை ஆர்டர் போடுகிறார். வந்த டப்பா சில நாள் கைப்பையில் இருக்கும், பிறகு மேசை டிராயருக்குப் போய்விடும். ஏன் என்று கேட்டால் "பையில இடத்த அடைக்குது", "உள்ளேயே தெறிச்சிடுமோன்னு பயமா இருக்கு", "எப்படி அடிக்கணும்னே தெரியல" என்று பதில் வரும். மூன்றும் நியாயமான பதில்கள். சுமக்கப்போகிறவளிடம் கேட்காமல் வாங்கியதன் விளைவுகள் அவை.

ஆகவே பணம் கட்டும் முன் உட்கார்ந்து பேசுங்கள். "பையை எந்தத் தோள்ல மாட்டுவே? போன் எந்தக் கையில இருக்கும்? பஸ்ஸ விட்டு இறங்கி வீட்டுக்கு எவ்வளவு தூரம் நடக்கணும்? அந்தத் தெருவில கடை திறந்திருக்குமா? ஆபீஸ் வாசல்ல பையைத் திறந்து பாக்கறாங்களா? போட்டிருக்கற குர்தாவில பாக்கெட் இருக்கா?" இந்தக் கேள்விகளுக்கு வரும் பதில்தான் எந்தக் கருவி, எந்த அளவு, எங்கே மாட்டுவது என்பதை முடிவு செய்யும். அவளுக்கோ வீட்டில் வேறு யாருக்கோ ஆஸ்துமா உண்டா, கைக்குழந்தை உண்டா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், அவளுக்கு இது வேண்டுமா என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொல்கிறவள் கையில் திணித்த கருவி டிராயரில்தான் கிடக்கும். அவளுக்கு விசில் போதும் என்றால் விசிலே சரி.

இன்னொன்றையும் தெளிவாகப் பேசிவிட வேண்டும். இந்தக் கருவிகள் எதுவும் ஆளை வீழ்த்துவதற்கு இல்லை. விலகி ஓடச் சில நொடிகள் கிடைக்கும், அவ்வளவுதான். அமெரிக்கக் காவல் பயிற்சியாளர் டென்னிஸ் டியூலர் 1983இல் எழுதிய ஒரு கணக்கு இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும்: சாதாரண ஆள் 21 அடி தூரத்தை ஏறத்தாழ ஒன்றரை நொடியில் ஓடிக் கடந்துவிடுவான். பையில் அடங்கும் ஸ்பிரே எட்டுவது இரண்டு மூன்று மீட்டர்தான், அதாவது பத்தடிக்குள். பையின் அடியில் சானிடைசர், சார்ஜர், சாப்பாட்டு டப்பாவுக்குக் கீழே கிடக்கும் ஸ்பிரேயைத் தேடி எடுக்க அந்த நேரம் போதவே போதாது. ஏற்கெனவே கையில் இருக்க வேண்டும், அல்லது கை தானாகப் போய்ச் சேரும் இடத்தில் இருக்க வேண்டும்.

பெப்பர் ஸ்பிரே: லேபிளில் எதைப் படிப்பது

தனியாக நடக்கும், உடல் பலமுள்ள, பழகிப் பார்க்க நேரம் ஒதுக்கத் தயாராக இருக்கும், வயது வந்த ஒருவருக்கு பெப்பர் ஸ்பிரேதான் எங்கள் முதல் தேர்வு. உள்ளே இருப்பது மிளகாயிலிருந்து பிரித்தெடுத்த ஓலியோரெசின் கேப்சிகம் என்ற எண்ணெய்ப் பிசின். கண்ணில் பட்டால் இமை தானாக மூடிக்கொள்ளும், மூக்கும் தொண்டையும் எரியும், இருமல் வரும். பெரும்பாலானவர்களுக்கு 20 முதல் 45 நிமிடம் வரை தெளியாது. பெரும்பாலானவர்களுக்கு என்பதை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். நிறையக் குடித்தவன், கட்டுக்கடங்காத கோபத்தில் இருப்பவன் எரிச்சலோடேயே முன்னால் பாய்ந்து கையைப் பிடிக்கலாம். அதனால்தான் அடித்த இடத்திலேயே நின்று பலனைப் பார்க்கக் கூடாது, உடனே நகர வேண்டும்.

டப்பாவில் '10 சதவீதம்', '18 சதவீதம்' என்று பெரிதாகப் போட்டிருப்பது பிசினின் அளவு. காரம் அந்தப் பிசினில் கேப்சைசின் வகைச் சேர்மங்கள் எவ்வளவு என்பதைப் பொறுத்தது. சில நிறுவனங்கள் அதை முதன்மைக் கேப்சைசினாய்டு சதவீதம் என்று தனியாகத் தருகின்றன. 1 சதவீதத்தை ஒட்டியோ சற்று மேலாகவோ இருந்தால் நல்ல வீரியம். ஸ்கோவில் என்பது காரத்தின் அலகு. 'இருபது லட்சம் ஸ்கோவில்' என்ற எண் பல நேரங்களில் நீர்க்கச் செய்வதற்கு முந்தைய பிசினுடையது, டப்பாவுக்குள் இருக்கும் கலவையுடையது அல்ல. அந்த எண்ணை வைத்து இரண்டு பொருள்களை ஒப்பிட்டுப் பார்ப்பது வீண். தயாரித்த மாதம், காலாவதி மாதம், தயாரிப்பாளரின் முழு முகவரி, எத்தனை மி.லி., எந்த வகைப் பீய்ச்சல் ஆகிய ஐந்தும் அச்சில் இல்லாத டப்பாவை விலை எவ்வளவு குறைந்தாலும் எடுக்காதீர்கள்.

பீய்ச்சல் வகைதான் சென்னைக்கு முக்கியம். மேகம் போலப் பரவும் கூம்பு வகைக்குக் குறி தப்பினாலும் பலன் உண்டு. ஆனால் காற்று திரும்பினால் அடித்தவருக்கே வரும். நேர்க்கோடாகப் போகும் திரவ வகை சற்றுத் தூரம் எட்டும், காற்றுக்கு ஓரளவு தாங்கும், ஆனால் குறி வேண்டும். ஜெல் வகை காற்றில் கலைவது மிகக் குறைவு, ஒட்டிக்கொள்ளும். ஆனால் கண்ணில் நேராகப் பட வேண்டும், வேலை செய்யச் சற்று நேரமும் எடுக்கும்.

சென்னையில் நண்பகலுக்குப் பிறகு கடற்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் நிலத்தை நோக்கி அடிக்கிறது. பெசன்ட் நகரிலோ மெரினாவிலோ திருவான்மியூர் கடற்கரையிலோ மாலை நடக்கிறவர் கடலுக்கு முதுகு காட்டி அடித்தால் காற்று உதவும். கடலைப் பார்த்து அடித்தால் பாதி திரும்பி வரும். ஓ.எம்.ஆரில் உயரமான கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே காற்று எந்தப் பக்கம் சுழலும் என்று சொல்ல முடியாது. கடற்கரைப் பக்கம் வசிப்பவருக்கும் ஓ.எம்.ஆரில் வேலை செய்பவருக்கும் திரவ வகையோ ஜெல்லோ சரி. உள்ளடங்கிய, நெருக்கமான தெருக்களில் நடப்பவருக்கும் திரவ வகை போதும். கூம்பு வகையை நாங்கள் யாருக்கும் முதலில் சொல்வதில்லை.

அளவு: 35 முதல் 75 மி.லி. வரை கடைகளில் கிடைக்கிறது. உள்ளங்கையில் பிடித்தால் கட்டைவிரல் இயல்பாக அழுத்தானின் மேல் போய் உட்கார வேண்டும். சிறிய கைக்குப் பெரிய டப்பா தவறு. லிப்ஸ்டிக் வடிவம், பேனா வடிவம் எல்லாம் பார்க்க அழகு; இருட்டில் எந்த முனை வெளியே என்று விரலுக்குத் தெரியாது. ஒரு பக்கம் தட்டையாகவோ விரல் பள்ளத்தோடோ இருப்பது நல்லது, தடவியே திசை தெரிந்துவிடும்.

பூட்டையும் கடையிலேயே சோதிக்க வேண்டும். மேல்மூடியைக் கட்டைவிரலால் தூக்கிக் கீழே அழுத்தும் வகை, அழுத்தானைத் திருகித் திறக்கும் வகை, ஊசியை உருவும் வகை என்று மூன்று உண்டு. முதலாவது பழக எளிது, பைக்குள் தவறிப் பீய்ச்சுவதும் குறைவு. திருகும் வகையில் மலிவானவை பைக்குள் உரசி உரசித் தானே திரும்பிவிடும். கைப்பை முழுக்கக் காரம் ஏறி, பிறகு அந்தப் பையையே தூக்கிப் போட வேண்டியிருக்கும். ஊசி வகையில் பதற்றத்தில் ஊசி வளையத்தில் விரல் நுழையாது.

வாங்கியதும் செய்ய வேண்டியவை

டப்பா வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை எடை போடுவது. கிராம் காட்டும் சமையலறைத் தராசு போதும். எடையையும் தேதியையும் ஒரு துண்டு டேப்பில் எழுதி டப்பாவின் அடியில் ஒட்டிவிடுங்கள். சில மாதத்துக்கு ஒருமுறை மறுபடி எடை பாருங்கள். அடிக்காமலேயே எடை குறைந்திருந்தால் வால்வு கசிகிறது. காலாவதித் தேதிக்குள்ளேயே டப்பா செயலிழப்பது இப்படித்தான்: காரம் அப்படியே இருக்கும், தள்ளும் வாயு போயிருக்கும், அழுத்தினால் இரண்டடி முன்னால் சொட்டி நிற்கும்.

அடுத்தது அரை நொடிச் சோதனை. மொட்டை மாடியில் வேண்டாம். பக்கத்து வீட்டுக் கொடியில் துணி காயும், கீழே யாராவது நிற்பார்கள். ஆள் இல்லாத காலி மனை, விடியற்காலை, காற்று முதுகில் அடிக்கும்படி நின்று, இரண்டு மீட்டர் தள்ளிச் சாத்திய பழைய அட்டையில் ஒருமுறை அரை நொடி. எவ்வளவு தூரம் போகிறது, எவ்வளவு அகலம் விரிகிறது என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். முனையைச் சோப்புத் தண்ணீரில் நனைத்த காகிதத்தால் துடைத்து, காகிதத்தைக் கவரில் கட்டிப் போடுங்கள். கையைச் சோப்பு போட்டு இரண்டு முறை கழுவும் வரை முகத்தைத் தொடாதீர்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர் இந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

பழகுவதற்குத் தண்ணீர் நிரப்பிய பயிற்சி டப்பாக்கள் கிடைக்கின்றன. கிடைக்காவிட்டால், காலாவதியான பழைய டப்பாவைப் பூட்டோடு வைத்து எடுக்கும் அசைவை மட்டுமாவது பழகலாம். அசைவு இதுதான்: பை தோளில் இருக்க, கை டப்பாவைச் சேர்கிறது, கட்டைவிரல் மூடிக்கு அடியில், இன்னொரு கை உள்ளங்கை முன்னால் நீட்டித் தூரத்தைக் காக்கிறது, ஒரு கால் பின்னால், "நில்லு! கிட்ட வராத!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தல், ஒரு காதிலிருந்து மறு காது வரை கண் மட்டத்தில் ஒரு கோடு இழுப்பது போல அரை நொடி, மறுபடி அரை நொடி, உடனே பக்கவாட்டில் விலகி, வெளிச்சமும் ஆளும் இருக்கும் பக்கம் ஓட்டம். பின்னால் நேராக ஓடினால் குருட்டாம்போக்கில் பாய்கிறவன் அதே கோட்டில்தான் வருவான்.

பெரும்பாலானோர் தவறவிடுவது கத்தலை. கூச்சப்பட்டு, அசைவை மட்டும் பழகுகிறார்கள். வீட்டுக் கூடத்தில் வாய்விட்டுக் கத்தாதவருக்கு நடுத்தெருவில் தொண்டை திறக்காது. கதவைச் சாத்திக்கொண்டு கத்திப் பழகச் சொல்லுங்கள். அப்பாவும் அண்ணனும் கூடச் சேர்ந்து கத்துங்கள், அவளுக்குக் கூச்சம் போகும். இடது கையாலும் பழக வேண்டும். வலது கையை ஒருவன் பிடித்திருக்கும் நேரத்தில்தான் தேவையே வரும். கண்ணை மூடிக்கொண்டும் சில முறை செய்து பார்க்க வேண்டும், ஏனென்றால் கொஞ்சம் காரம் தன் கண்ணுக்கும் வரும் என்று எதிர்பார்த்தே அடிக்க வேண்டும்.

ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டவன் மேல் அடித்துப் பயனில்லை. மூக்குக்கண்ணாடி போட்டவனுக்கு மேலிருந்து புருவத்தில் படும்படி அடித்தால் வழிந்து இறங்கும்.

எங்கே வைப்பது, எங்கே வைக்கக் கூடாது

சென்னை வெயில் இந்த டப்பாக்களுக்கு எதிரி. அழுத்தக் குப்பிகள் எதையும் 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் வைக்கக் கூடாது என்று லேபிளிலேயே இருக்கும். மே மாதத்தில் வெயிலில் நிறுத்திய மூடிய காருக்குள் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும். டேஷ்போர்டில் விட்டுச் சென்றால் வால்வு கசியலாம், குப்பியே வெடிக்கலாம். ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியிலும் இதே கதைதான்; வெயில் மேலே, இன்ஜின் சூடு கீழே.

ஸ்கூட்டர் சாவிக்கொத்தில் ஸ்பிரே மாட்டுவது இங்கே மிகப் பரவலான பழக்கம், விளம்பரப் படங்களிலும் அப்படித்தான் காட்டுகிறார்கள். வண்டி ஓடும்போது சாவி பூட்டில் இருக்கும், ஸ்பிரேயும் அங்கேயே தொங்கும். சிக்னலில் ஒருவன் கையைப் பிடித்தால் அதை உருவ வழியில்லை. இழுத்தால் கழன்று வரும் கொக்கி இருந்தால் மட்டும் சாவிக்கொத்து சரி. அது இல்லாவிட்டால் பையின் வெளிப்பக்கச் சிறு அறை, அதில் வேறு எதுவும் வைக்கக் கூடாது, ஜிப்பைப் பாதி திறந்தே வைத்திருக்க வேண்டும். பையே பறிபோகலாம் என்பதால், பாக்கெட் உள்ள உடை இருந்தால் பாக்கெட்தான் மேல். தையல்காரரிடம் சொல்லிச் சுடிதாரில் ஒரு பக்கப் பாக்கெட் வைப்பது, இரண்டாவது டப்பா வாங்குவதைவிட நல்ல செலவு.

தெருவுக்குள் நுழையும் முன், மெட்ரோ நிலையத்தின் படியிறங்கும் முன், ஆள் நடமாட்டம் குறைந்த பறக்கும் ரயில் நிலையத்தின் நடைமேடையில் நிற்கும்போது டப்பா கையில் இருக்கட்டும். துப்பட்டா மறைக்கும். வீட்டுக்குள் வந்ததும் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் ஒரே இடம். ஐ.டி. வளாகம், மால், தேர்வு மையம் ஆகிய இடங்களின் வாசல் சோதனையில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். மெட்ரோவிலும் பை ஸ்கேன் உண்டு. தினமும் போகும் இடத்தின் காவலரிடம் முன்கூட்டியே ஒருமுறை கேட்டுவிட வேண்டும். விமானத்தில் கைப்பையில் அனுமதியே கிடையாது. மீனம்பாக்கத்தில் டப்பாவைப் பறிகொடுத்துவிட்டு, இரவில் போய் இறங்கும் ஊரில் வெறுங்கையோடு நிற்க வேண்டியிருக்கும். பயணம் போகிறவருக்கு, இழுத்தால் உரக்க அலறும் கையடக்க அலாரம் தனியாக வேண்டும்.

மூடிய இடங்களில் ஸ்பிரே வேறு மாதிரி நடந்துகொள்ளும். 2014 பிப்ரவரி 13 அன்று தெலங்கானா மசோதாவின்போது மக்களவையில் ஓர் உறுப்பினர் பெப்பர் ஸ்பிரே அடித்தார். அவ்வளவு பெரிய அவையிலேயே பலர் இருமிக்கொண்டு வெளியே ஓடினார்கள், சிலரை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. லிஃப்ட்டும் காரும் எம்மாத்திரம்! ஓடும் காரில் ஓட்டுநர் மேல் அடித்தால் வண்டி எங்கே போய் முட்டும் என்பதையும் யோசிக்க வேண்டும். கேப், ஆட்டோ, லிஃப்ட் மூன்றிலும் முதல் கருவி போனும் அலாரமும்தான். வண்டி நின்று, கதவு திறந்து, இறங்கும் நேரத்தில் மட்டுமே ஸ்பிரே.

தன் மேலேயே பட்டுவிட்டால்: காற்றுக்கு வர வேண்டும், கண்ணை விடாமல் இமைக்க வேண்டும், குளிர்ந்த குழாய்த் தண்ணீரைக் கண்ணில் ஓடவிட வேண்டும், லென்ஸ் இருந்தால் கழற்றி எறிந்துவிட வேண்டும். தேய்க்கவே கூடாது. பச்சை மிளகாய் நறுக்கிய கையால் கண்ணைத் தொட்டால் தேய்க்கத் தேய்க்க எப்படி ஏறுமோ அதே கதைதான். தோலுக்குக் குழந்தைகள் ஷாம்பூவோ பாத்திரம் கழுவும் திரவமோ போட்டுக் கழுவலாம். தேங்காய் எண்ணெயும் க்ரீமும் தடவினால் பிசின் இன்னும் பரவும். பால் தண்ணீரைவிட மேல் என்பதற்கு ஆதாரம் இல்லை. மூச்சு இழுத்தாலோ, முக்கால் மணி நேரம் ஆகியும் பார்வை தெளியாவிட்டாலோ 108ஐ அழையுங்கள்.

மிளகாய்ப் பொடிப் பொட்டலம் பற்றி எல்லா வீட்டிலும் பேச்சு வரும். பொடி காற்றில் எங்கே போகும் என்று சொல்ல முடியாது, பாதி தன் முகத்துக்கே வரும். தண்ணீரில் கரைத்து ஸ்பிரே பாட்டிலில் ஊற்றினால் காரம் தண்ணீரில் கரையாது, துகள் முனையை அடைத்துக்கொள்ளும். பாடி ஸ்பிரே கண்ணைக் கொஞ்சம் எரியவைக்கும், ஆளை நிறுத்தாது.

அலாரம், விசில், டார்ச்

பள்ளி மாணவி, வயதானவர், ஆஸ்துமா உள்ளவர், ஸ்பிரே அடிக்க மனம் வராதவர் எல்லோருக்கும் அலாரம் நல்லது. பல நிறுவனங்கள் 18 வயதுக்கு உட்பட்டவருக்கு ஸ்பிரே இல்லை என்று டப்பாவிலேயே போட்டிருக்கின்றன. பள்ளிப் பையில் அது வேண்டாம்.

ஊசியை இழுத்தால் அலறும் வகைதான் வேண்டும். பொத்தானை அழுத்திப் பிடித்திருக்க வேண்டிய வகையில் கை விலகியதும் சத்தம் நின்றுவிடும். 120, 130, 140 டெசிபல் என்று எழுதியிருப்பார்கள். எத்தனை சென்டிமீட்டரில் அளந்தது என்று எழுத மாட்டார்கள். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் 120 இருந்தால் 16 மீட்டரில் 96தான். ஜி.எஸ்.டி. சாலைப் போக்குவரத்தில் அது கரையும், நங்கநல்லூர் குறுக்குத் தெருவில் இரவு பத்து மணிக்கு ஐந்தாறு வீட்டு வராந்தா விளக்கு எரியும். அண்டை வீட்டாரிடம் முன்பே சொல்லி, ஒருநாள் பகலில் இழுத்துக் காட்டுங்கள். அந்தச் சத்தம் என்னவென்று தெரு அறிந்திருந்தால்தான் யாராவது வெளியே வருவார்கள். கார் அலாரம் என்று நினைத்தால் வர மாட்டார்கள்.

பழுதாகும் இடங்கள்: பேட்டரிக்கு இடையே செருகிய பிளாஸ்டிக் தாளை உருவ மறப்பது, எல்.ஆர். 44 போன்ற பொத்தான் பேட்டரி மழைக்கால ஈரத்தில் பூத்துவிடுவது; சார்ஜ் ஏற்றும் வகையில் மாதக்கணக்கில் சார்ஜே போடாமல் விடுவது. மாதம் ஒருமுறை ஒரு நொடி இழுத்துப் பாருங்கள், காதிலிருந்து கையை நீட்டி. ஊசி மிக இளக்கமாக இருந்தால் தாம்பரம் ரயில் நெரிசலில் யாருடைய பையோ மாட்டி அலறிவிடும். இரண்டு முறை அப்படி ஆனால் அவள் அதை வீட்டில் வைத்துவிடுவாள். வாங்கும்போது இழுத்துப் பார்த்து, சற்று விசை கேட்கும் ஊசியாக எடுங்கள். அடையாள அட்டைக் கயிற்றில் மாட்டுவதாக இருந்தால், இழுத்தால் பிரியும் கொக்கியுள்ள கயிறாக இருக்கட்டும். பிரியாத கயிறு கழுத்தில் இருப்பது தாக்குகிறவனுக்குக் கைப்பிடி கொடுப்பது.

விசிலில் உள்ளே உருண்டை இல்லாத வகையே வேண்டும். உருண்டை எச்சில் பட்டு, மழை பட்டு ஒட்டிக்கொள்ளும். மூச்சு வாங்கும்போது ஊத முடியாது என்பது அதன் குறை. டார்ச் வெளிச்சம் ஆளை நிறுத்தாது, இருட்டில் நிற்பவனை முன்கூட்டிக் காட்டும். அந்த நொடிகள் பெரிது. மடக்காத நீளக் குடையையும் தாழ்வாக நினைக்காதீர்கள். வெயிலிலும் மழையிலும் கையிலேயே இருக்கும், தெருநாய்க்கும் ஆளுக்கும் இடையில் ஒரு மீட்டர் தூரம் தரும், எந்த வாசலிலும் பிடுங்க மாட்டார்கள்.

அம்மாவின் காலை நடைக்கு

அம்மாவுக்கு வரும் ஆபத்து வேறு. பைக்கில் இரண்டு பேர், ஹெல்மெட், பின்னாலிருந்து வந்து செயினில் கை, இரண்டு நொடியில் முடிந்துவிடும். ஸ்பிரேக்கு அங்கே வேலையே இல்லை. செயினைப் பிடித்துக்கொண்டு போராடினால் கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறியும். அம்மாவிடம் சொல்ல வேண்டியது: "போனா போகட்டும்மா, நீ விட்டுடு." நடைக்குப் போகும்போது தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொள்வது பல வீடுகளில் இருக்கும் வழக்கம்தான். எதிரே வண்டி வரும் பக்கமாக, சாலையின் வலது ஓரத்தில் நடந்தால் பைக் பின்னாலிருந்து ஒட்டி வர முடியாது. பையும் போனும் சுவர்ப் பக்கத் தோளில். புடவை இடுப்பில் செருகும் அளவுக்குச் சிறிய அலாரம், இல்லாவிட்டால் மணிக்கட்டில் பட்டை போலக் கட்டுவது. மூட்டு வலி உள்ள விரலால் ஊசியை இழுக்க முடிகிறதா என்று கடையிலேயே அவரை இழுக்கச் சொல்லிப் பாருங்கள்.

மின்னதிர்ச்சிக் கருவிகளை விட்டுவிடுங்கள்

'பத்து லட்சம் வோல்ட்' டார்ச், 'ஸ்டன் கன்' என்று இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. அந்த எண் பொய் என்பதற்கு ஒரு எளிய கணக்கு. காற்றில் பொறி தாவ ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 3,000 வோல்ட் வேண்டும். இரு முனைகளுக்கு நடுவே இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி என்றால் 60,000 வோல்ட்டை ஒட்டிய இடத்திலேயே பொறி பறந்துவிடும்; அதற்கு மேல் அழுத்தம் ஏறவே வழியில்லை. விற்பவன் முதல் எண்ணிலேயே பொய் சொன்னால் பேட்டரியையும் தரத்தையும் எப்படி நம்புவது?

பொய் இல்லாவிட்டாலும் அது தவறான கருவி. உடம்பில் தொட்டுச் சில நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும், அதாவது ஓட வேண்டியவள் நெருங்க வேண்டும். ஜீன்ஸ் துணி தடுக்கும். பிடுங்கினால் அவள் மேலேயே திரும்பும். சட்டமும் இடிக்கிறது: 2016 ஆயுத விதிகள் மின்சாரத்தால் செயலிழக்கச் செய்யும் கருவிகளையும் தம் வரம்புக்குள் கொண்டுவந்திருக்கின்றன. 'உரிமம் தேவையில்லை' என்ற விற்பனை வாசகத்தை நம்பி மகளின் பையில் வைக்காதீர்கள். மடக்குத் தடி, விரல் முட்டி வளையம், மோதிரக் கத்தி ஆகியவற்றுக்கும் பலமும் நீண்ட பயிற்சியும் வேண்டும். கத்தி வகை எதுவும் இந்தப் பட்டியலுக்கே உரியதல்ல.

போனில் இன்றே செய்ய வேண்டியது

கருவி ஆர்டர் வந்து சேரும் முன் இதைச் செய்துவிடலாம், செலவும் இல்லை. 2017 முதல் இந்தியாவில் விற்கும் போன்களில் அவசரப் பொத்தான் வசதி கட்டாயம். ஸ்மார்ட்போனில் பவர் பொத்தானை வேகமாக மூன்று முறை, சாதாரண போனில் 5 அல்லது 9ஐ அழுத்திப் பிடித்தால் அவசர உதவி எண்ணான 112க்குப் போகும். சில ஆண்ட்ராய்டு போன்களில் ஐந்து முறை அழுத்த வேண்டும். செட்டிங்ஸில் அவசர உதவிப் பகுதியைத் திறந்து உங்கள் போனில் எப்படி என்று பார்த்து, யாருக்குத் தகவலும் இருப்பிடமும் போக வேண்டும் என்று எண்களைச் சேருங்கள். தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலியையும் நிறுவி, பதிவை முழுவதும் முடித்து வையுங்கள். பாதியில் விட்ட பதிவு தேவைப்படும் நேரத்தில் ஓ.டி.பி. கேட்டு நிற்கும். பெண்களுக்கான 181, 1091, ரயிலில் 139 ஆகியவற்றைப் பெயரோடு சேமித்து வையுங்கள். மாநகரப் பேருந்துகள் பலவற்றில் சிவப்பு அவசரப் பொத்தான் உண்டு. வழக்கமாக ஏறும் பேருந்தில் அது எங்கே இருக்கிறது என்று அவள் ஒருமுறை பார்த்து வைக்கட்டும்.

அடித்த பிறகு

பெப்பர் ஸ்பிரே வைத்திருக்க உரிமம் வேண்டாம். பயன்படுத்துவதற்கு எல்லை உண்டு. குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 34ஆம் பிரிவு தொடங்கித் தற்காப்பு உரிமை வருகிறது. தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்பதை 37ஆம் பிரிவு சொல்கிறது. வாய்த்தகராறு, பார்க்கிங் சண்டை, ஓடிப்போகிறவனைத் துரத்தி அடிப்பது எதுவும் இதற்குள் வராது. 2024 மே மாதம் கர்நாடக உயர் நீதிமன்றம், ஒரு தகராறில் பெப்பர் ஸ்பிரே அடித்தவர்கள் மீதான வழக்கை ரத்து செய்ய மறுத்தது. உயிருக்கு உடனடி ஆபத்து இருந்ததாக முதல் நோக்கில் தெரியவில்லை என்றது, ஸ்பிரேயை அபாயகரமான ஆயுதம் என்றும் சொன்னது. மகளிடம் இதைப் பயமுறுத்தும் தொனியில் சொல்ல வேண்டாம். அவள் கையை ஒருவன் பிடிக்கும்போது சட்டம் அவள் பக்கம் இருக்கிறது என்பதை முதலில் சொல்லி, பிறகு எல்லையைச் சொல்லுங்கள்.

தப்பி வந்ததும் முதல் அழைப்பு 112க்கு, அவள்தான் முதலில் அழைத்தவளாக இருக்க வேண்டும். என்ன நடந்தது, எங்கே, அவன் என்ன செய்தான், அதனால் ஸ்பிரே அடித்தேன், இப்போது எங்கே நிற்கிறேன்: இந்த வரிசையில் சொல்லிப் பழகட்டும். டப்பாவைக் கழுவாமல் கவரில் போட்டு வையுங்கள். உடையில் கிழிசல், கையில் கீறல் இருந்தால் படம் எடுத்து, அரசு மருத்துவமனையில் காட்டிப் பதிவு செய்யுங்கள். எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், சம்பவம் நடந்த எல்லை வேறு என்று திருப்பி அனுப்பக் கூடாது. குற்ற வழக்கு நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது. எழுத்துப் புகாரில் ஸ்பிரே அடித்ததை மறைக்காமல் எழுத வேண்டும். முதல் தகவல் அறிக்கை உடனே பதிவாகாவிட்டால் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்காமல் நிலையத்தை விட்டுக் கிளம்பாதீர்கள். கூட ஒருவர் போங்கள். பேசுவதை அவளையே பேசவிடுங்கள்.

ஒருமுறை அடித்த டப்பா, பாதி மிச்சம் இருந்தாலும், பைக்குத் திரும்பக் கூடாது. எவ்வளவு அழுத்தம் மிச்சம் என்று வெளியிலிருந்து தெரியாது. காவல்துறை கேட்காவிட்டால் காலி மனையில் முழுவதும் பீய்ச்சித் தீர்த்து, துளையிடாமல், நெருப்பில் போடாமல், உலர்ந்த குப்பையில் தனியாகக் கட்டிக் கொடுத்துவிடுங்கள். புது டப்பாவை அன்றே ஆர்டர் போட்டு, அது வந்து சேரும் வரை அலாரத்தை அவள் பையில் மாட்டி அனுப்புங்கள்.